அக்காவின் பெயரும் அவர்களின் சிறப்புரிமையும்

என் அக்காவின் பெயர் பாராளுமன்றத்தில் ஒலித்த செய்தி எனக்கு வந்தபோது நான் ஆசிரியர் அறையில் ரொட்டியும் சம்பலும் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். கணக்கு டீச்சர் தன் கைத்தொலைபேசியை என் முகத்துக்கு நேரே நீட்டி, "இது உங்க அக்காதானே டீச்சர்?" என்று கேட்டார். எங்கள் பகுதி எம்.பி. வெள்ளை உடுப்போடு எழுந்து நின்று விரலை நீட்டிப் பேசிக்கொண்டிருந்தார். அக்கா வேலை செய்கிற தேயிலைத் தோட்டத்தின் பெயரைச் சொன்னார். அக்காவின் பெயரைத் தகப்பன் பெயரோடு சேர்த்துச் சொன்னார். அந்தத் தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில் குழந்தைகளுக்கென்று அரசாங்கம் கொடுக்கிற பால்மாவை ஆயா எடுத்துப்போய் டவுன் கடைகளில் விற்கிறாள், இந்த அமைச்சரின் நிர்வாக இலட்சணம் இதுதான் என்றார். பின்னால் உட்கார்ந்திருந்தவர்கள் மேசையைத் தட்டினார்கள்.

ரொட்டியை அப்படியே வைத்துவிட்டேன். எனக்கு எப்போதுமே மூக்கு நுனியில் கோபம் என்று வீட்டில் சொல்வார்கள். அன்றைக்கு வந்ததற்குக் கோபம் என்ற சொல் போதாது.

பிள்ளைக்காம்பரா என்பது, தாய்மார் கொழுந்து பறிக்க மலைக்குப் போகும்போது கைக்குழந்தைகளை விட்டுவிட்டுப் போகிற இடம். இப்போது சிறுவர் அபிவிருத்தி நிலையம் என்று போர்டு மாட்டியிருக்கிறார்கள், ஆனால் போர்டைப் படித்து யாரும் அதைக் கூப்பிடுவதில்லை. அக்கா அங்கே ஆயாவாக இருந்து அந்தத் தோட்டத்தில் பாதிப் பேரைத் தூக்கி வளர்த்தவள். அவளுக்கு எழுதப் படிக்கத் தெரியும், கட்சி தெரியாது. அந்த எம்.பி.க்கும் அவளைத் தெரியாது. என்னால் தாங்க முடியாமல் போனதே அதுதான். அவருக்கு என் அக்கா மேல் ஒரு கோபமும் கிடையாது. கோபமெல்லாம் அமைச்சர் மேல். எறிவதற்குக் கையில் ஒரு கல் வேண்டியிருந்தது, அக்கா அகப்பட்டாள்.

பாடசாலை விட்டதும் ஹட்டனிலிருந்து வட்டவளை பஸ்ஸில் ஏறி, இறங்கி, தோட்டத்துக்கு நடந்தேன். தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்தில், தன் வாசலில் உட்கார்ந்து அக்கா கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். செய்தி எனக்கு முன்னரே மலையேறி வந்திருந்தது.

"நான் வித்தேனாம்ல புள்ள?" என்றாள். "எந்தக் கடையிலன்னு சொன்னாரா?"

"சொல்லல."

"அதையும் சொல்லியிருந்தா நான் போய்க் கேட்டிருப்பேன்ல."

நடந்தது இவ்வளவுதான். பால்மாவுக்கும் கேஸுக்கும் நாடே வரிசையில் நின்ற காலத்தில் பிள்ளைக்காம்பராவின் கேஸ் அடுப்பு அணைந்து கிடந்தது. அதற்காகக் குழந்தைகளைப் பட்டினி போட முடியுமா? அக்கா பால்மாப் பொதியைப் பையில் போட்டுக்கொண்டு தன் லயத்துக்கு இறங்கி வருவாள். விறகடுப்பில் தண்ணீர் காயவைத்து, பாலைக் கரைத்து, பெரிய ஃபிளாஸ்கில் ஊற்றிக்கொண்டு மறுபடி மேலே ஏறிப் போவாள். கேஸ் வரத் தொடங்கிய பிறகும் அதை நம்பாமல் அப்படியே செய்துவந்தாள். லயத்தில் இது எல்லோரும் அறிந்த விஷயம். கட்சி வேலையாகத் தோட்டத்துக்கு வந்துபோகிற எம்.பி.யின் ஆள் ஒருவர், அக்கா பால்மாவோடு இறங்கி வருவதைப் பார்த்திருக்கிறார். ஃபிளாஸ்கோடு ஏறிப் போவதைப் பார்க்க அவருக்கு நேரமில்லை. அவர் பார்த்த பாதியை எம்.பி. முழுதாக்கி, கொழும்புக்குக் கொண்டுபோய்ப் பேசிவிட்டார்.

ஹட்டனில் நான் சாமான் வாங்குகிற கடை முதலாளி நானாவிடம் சும்மா கேட்டுப் பார்த்தேன். அவர் சிரித்தார். "டீச்சர், அந்த நேரம் எங்களுக்கே பால்மா இல்ல. உங்க அக்கா கொண்டாந்திருந்தா நான் தலைல வச்சுக் கும்பிட்டிருப்பேன்" என்றார். இந்தச் சாதாரண நியாயம்கூட சட்டம் இயற்றுகிற மனிதருக்குத் தோன்றவில்லை.

மறுநாள் தோட்டத்தை நிர்வகிக்கிற தொரை அக்காவை ஆபீசுக்குக் கூப்பிட்டார். சிங்களவர், ஆனால் தோட்டத் தமிழ் நன்றாகப் பேசுவார். "நீ எடுக்க மாட்ட, எனக்குத் தெரியும். ஆனா பாராளுமன்றத்துல சொல்லியாச்சு. கம்பனில கேக்கிறாங்க. கொஞ்ச நாள் வீட்டுல இரு" என்றார். தெரியுமாம், ஆனாலும் இருக்க வேண்டுமாம். அக்கா வீட்டில் இருந்தாள். அவளுடைய இடத்தில் வேறொரு பெண்ணை விட்டார்கள்.

அதைக்கூட அவள் பொறுத்துக்கொண்டாள். பொறுக்க முடியாதது இன்னொன்று. பக்கத்து லயத்துப் பெண் ஒருத்தி, அக்கா கையில் பால் குடித்து வளர்ந்தவள், இப்போது தானே ஒரு பிள்ளைக்குத் தாய், தண்ணீர்க் குழாயடியில் அக்காவிடம் மெதுவாகக் கேட்டிருக்கிறாள்: "பெரியம்மா, எம்புள்ளைக்கு முழுசாத்தானே பால் குடுத்தீங்க?" அன்று இரவு அக்கா சாப்பிடவில்லை. எம்.பி. பேசியதற்கு அழாதவள் இதற்கு அழுதாள் என்று அத்தான் எனக்குப் போன் எடுத்துச் சொன்னார். வேலை போனால் போகட்டும், அந்தப் பெண்ணுக்குச் சந்தேகம் போக வேண்டும். அக்காவுக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான்.

நான் ஹட்டனில் ஒரு வழக்கறிஞரிடம் போனேன். என் பழைய மாணவன் ஒருவனின் தகப்பனார் அவர். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார்.

"வழக்குப் போட முடியாது டீச்சர்."

"ஏன் முடியாது?"

"சபைக்குள்ள சொன்னது. அதுக்காக அவர எந்தக் கோர்ட்டுலயும் நிறுத்த முடியாது. சிறப்புரிமை."

"பொய் சொன்னாலுமா?"

"பொய்யா இல்லையான்னு பாக்கிறதுக்குத்தானே கோர்ட்டு? கோர்ட்டுத்தான் பாக்க முடியாதே."

"பேப்பர்ல போட்டாங்களே, அவங்க?"

"சபையில நடந்ததப் போட்டிருக்காங்க. அவங்களையும் அசைக்க முடியாது."

"அப்ப நான் பஸ் ஸ்டாண்டுல மைக் போட்டு, இந்த ஆளு பொய்யன்னு சொல்றேன்."

"சொல்லுங்க. அவரு உங்க மேல மானநஷ்ட வழக்குப் போடுவாரு. அவருக்குக் கோர்ட்டு திறந்துதான் கிடக்கு."

எனக்குச் சிரிப்பதா தலையில் அடித்துக்கொள்வதா என்று தெரியவில்லை. எழுந்தவளை அவர் உட்காரச் சொன்னார். "ஒரு வழி இருக்கு. அதே வார்த்தைய அவரு வெளிய வந்து ஒரு தடவ சொல்லட்டும். கூட்டத்துலயோ, கல்யாண வீட்டுலயோ, எங்கயாச்சும். சொன்னாருன்னா நானே முன்னுக்கு நின்னு வழக்குப் போடறேன்."

இதில் எனக்கு இன்னொரு வயிற்றெரிச்சல் உண்டு. நான் குடியியற் கல்வி படிப்பிக்கிறவள். மக்கள் பிரதிநிதி அச்சமில்லாமல் பேசுவதற்காகவே சிறப்புரிமை என்று எத்தனையோ வகுப்புகளுக்குக் கரும்பலகையில் எழுதிப் போட்டிருக்கிறேன். எழுதியது பிழையும் இல்லை. மலையகத்து எங்கள் சனங்களுக்கு வாக்குரிமையே இல்லாதிருந்த காலம் ஒன்று இருந்தது, அந்தச் சபையில் எங்களுக்காக வாய் திறக்க ஒரு ஆள் இல்லாத காலம். கம்பனியைப் பற்றி, பொலிஸைப் பற்றி, பெரிய இடத்துப் பிள்ளைகளைப் பற்றி ஒருவர் துணிந்து பேச வேண்டுமென்றால் அவருக்கு ஒரு கவசம் வேண்டும்தான். எல்லாவற்றையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எங்கள் எம்.பி. கம்பனியைப் பற்றி அங்கே ஒரு வார்த்தை பேசி நான் கேட்டதில்லை. மழைக்கு ஒழுகுகிற லயங்களைப் பற்றி, மண் சரிந்து வருகிற மேட்டின் அடியில் இன்னும் குடியிருக்கிற குடும்பங்களைப் பற்றி, பெயர் சொல்லி யாரையும் அவர் கேட்டதில்லை. அவ்வளவு பெரிய கவசத்தை மாட்டிக்கொண்டு அவர் சண்டைக்குப் போனது ஒரு ஆயாவோடு.

சபாநாயகருக்கு எழுதினேன். கடிதம் கிடைத்தது என்று ஒரு பதில் வந்தது, பிறகு மூச்சுப் பேச்சில்லை. போன் எடுத்தால் ஒருவர் இன்னொருவரிடம் கொடுத்தார், அவர் அடுத்த வாரம் எடுக்கச் சொன்னார், அடுத்த வாரம் எடுத்தவர் என்ன விஷயம் என்று முதலிலிருந்து கேட்டார். நானும் முதலிலிருந்து சொன்னேன். குழு ஒன்று இருக்கிறது, அது கூடும்போது பார்க்கும் என்றார்கள். எப்போது கூடும் என்று கேட்டதற்கு லைன் வெட்டுப்பட்டது.

இப்படியிருக்கத் தோட்டத்து மாரியம்மன் கோயில் திருவிழா வந்தது. பிரதம அதிதி யார் என்று அச்சடித்த நோட்டீஸைப் பார்த்தேன். அவரேதான். கௌரவ என்ற அடைமொழியோடு, படத்தோடு. நேரே கோயில் கமிட்டித் தலைவரிடம் போனேன். அக்காவின் லயத்திலேயே குடியிருக்கிற மனிதர், என்னைச் சின்னப் பிள்ளையிலிருந்து தெரியும்.

"என்னாண்ணே இது? எங்க அக்காவக் கள்ளின்னு சொன்ன ஆளுக்கு மாலையா?"

"அது அங்க சொன்னதும்மா. இங்க வந்தா நம்ம விருந்தாளி. கோயில் மண்டபத்துக்குத் தகரம் குடுத்தது அவருதானே?"

"தகரம் அவரு வீட்டுக் காசா?"

"எம்.பி. இல்லாம எந்தத் தோட்டத்துலயாச்சும் திருவிழா நடக்குதா, நீயே சொல்லு."

எங்கள் ஆட்களைப் பற்றி என்ன சொல்வது! அந்த மனிதருக்கு சட்டம் கொடுத்த சிறப்புரிமை ஒரு பங்கு என்றால், நாங்கள் மேளதாளத்தோடு கொடுப்பது மூன்று பங்கு. பல்லைக் கடித்துக்கொண்டு அக்காவிடம் வந்து சொன்னேன். அவள் என்னைப் போலக் குதிக்கவில்லை.

"வரட்டும் புள்ள. வந்தாத்தான் நல்லது. சாமி முன்னுக்கு வச்சு முறைப்படி கேப்போம்."

முறை என்று அவள் சொன்னது கற்பூரச் சத்தியத்தை. எங்கள் தோட்டத்தில் ஆடு காணாமல் போனாலும், நகை காணாமல் போனாலும், பொலிஸுக்குப் போவதற்கு முன் அம்மன் சந்நிதிக்குத்தான் போவார்கள். கற்பூரம் ஏற்றப்படும். பழி சொன்னவர் முதலில் எல்லோருக்கும் கேட்கும்படி தன் வாயால் பழியைச் சொல்ல வேண்டும். இன்னார் இன்னதை எடுத்தார் என்று. அதைக் கேட்டுப் பழி சுமந்தவர், நான் செய்யவில்லை என்று சொல்லிக் கையால் தீயை அணைப்பார். அணைத்துவிட்டால் அந்தப் பேச்சு அத்தோடு முடிந்தது, பிறகு யாரும் அதைக் கிளறக்கூடாது. பழியைச் சத்தமாகச் சொல்லாதவருக்குச் சத்தியம் கேட்க உரிமை கிடையாது. கங்காணிகள் கொடிகட்டிப் பறந்த காலத்திலேயே அவர்களையும் இப்படிக் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறார்கள் என்று சொல்வார்கள்.

எனக்கு ஒரே சந்தோஷம். வழக்கறிஞர் கேட்டதும் இதைத்தானே? சந்நிதியில் நின்று அவர் பழியைச் சொன்னால், சபைக்கு வெளியே சொன்னதாகிவிடும். அக்காவுக்குச் சாமி, எனக்குக் கோர்ட்டு. கமிட்டித் தலைவர் முதலில் முழித்தார், ஆனால் கற்பூரம் கேட்கிறவரை மறுக்க அவருக்கும் வாய் வரவில்லை. கைத்தொலைபேசியை முழுதாகச் சார்ஜ் செய்து வைத்துக்கொண்டேன்.

அன்று உச்சிப் பூசை முடிந்தது. எம்.பி. மாலையும் பொன்னாடையுமாக நின்றார். கமிட்டித் தலைவர் கையைப் பிசைந்துகொண்டு விஷயத்தைச் சொன்னார். பூசாரி தட்டில் கற்பூரத்தை ஏற்றினார். அக்கா குளித்து, ஈரத் தலையோடு, தட்டின் எதிரே வந்து நின்றாள். நான் போனைத் தூக்கிப் பிடித்தேன். மலைக்குப் போகிற பெண்கள் எல்லோரும் சுற்றி நின்றார்கள், குழாயடியில் கேட்ட அந்தப் பெண் உட்பட.

"சொல்லுங்க ஐயா" என்றார் தலைவர்.

எம்.பி.யின் காதில் அவருடைய செயலாளர் ஏதோ சொன்னார். எம்.பி. சிரித்தார். மைக்கில் பேசுவது போலவே பேசினார்.

"அன்பான தாய்மாரே, சபையில் நான் ஆற்றிய உரை சபைக்குச் சொந்தமானது. அதை வெளியிலே விவாதிக்க எனக்கே அனுமதியில்லை. அது சிறப்புரிமை மீறலாகிவிடும். நான் பொறுப்புள்ள ஒரு உறுப்பினர்."

பேச அனுமதியில்லையாம்! நான் இருந்த இடத்திலிருந்தே, "அப்படி ஒரு சட்டமும் இல்ல" என்று கத்தினேன். யாரோ என் கையைப் பிடித்து அமுக்கினார்கள். அவர் அதோடு விட்டாரா? தன் தோளில் கிடந்த பொன்னாடையை எடுத்து, "இந்த அம்மாவின் சேவையைப் பாராட்டி" என்று அக்காவுக்குப் போர்த்த வந்தார். அக்கா கையை நீட்டித் தடுத்தாள். அதற்குள் தட்டில் கற்பூரம் தானாக எரிந்து தீர்ந்தது. பழி சொல்லப்படவில்லை, ஆகவே அவள் அணைக்கவும் முடியவில்லை. அந்தக் கறுத்த தட்டைப் பார்த்தபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது.

"இன்னொன்னு ஏத்துங்க பூசாரி" என்றாள் அக்கா.

ஏற்றினார்.

"அவரு சொல்ல மாட்டாராம். நானே சொல்றேன்." அவள் தன் பெயரைத் தகப்பன் பெயரோடு சொன்னாள், எம்.பி. அங்கே சொன்னது மாதிரியே. "புள்ளைங்க பால்மாவ நான் களவெடுத்து டவுன்ல வித்தேன்னு எம்மேல பழி. அம்மா சாட்சியா சொல்றேன், நான் விக்கல. ஒரு கரண்டி எடுக்கல." உள்ளங்கையால் தீயை அடித்து அணைத்தாள்.

பிறகு எம்.பி.யின் பக்கம் திரும்பினாள். "ஐயா, இப்ப நீங்க வாங்க. வித்ததக் கண்டேன்னு சொல்லி அணைங்க."

யாரும் கேட்காமலே பூசாரி மூன்றாவது கற்பூரத்தை ஏற்றினார். எம்.பி. கைக்கடிகாரத்தைப் பார்த்தார். வலப்பனையில் இன்னொரு கூட்டம் இருக்கிறது, நேரமாகிவிட்டது என்றார். திருநீறுகூட வாங்காமல் வாகனத்தில் ஏறிப் போய்விட்டார். குழாயடிப் பெண் முன்னால் வந்து, இடுப்பிலிருந்த பிள்ளையை அக்காவின் கையில் கொடுத்தாள். அக்கா வாங்கித் தோளில் சாய்த்துக்கொண்டாள்.

பதிவு செய்ததை வழக்கறிஞரிடம் போட்டுக் காட்டினேன். இரண்டு தடவை கேட்டார். "அவரு ஒன்னுமே சொல்லலியே டீச்சர்" என்றார். எனக்கும் அது தெரிந்ததுதான்.

திங்கட்கிழமை காலைப் பெரட்டில், வேலைக்கு ஆள் பிரிக்கிற இடத்தில், பெண்கள் தொரையிடம் சொல்லிவிட்டார்கள். பழைய ஆயா வராவிட்டால் பிள்ளைகளையும் விடமாட்டோம், மலைக்கும் போகமாட்டோம். கொழுந்து முற்றினால் கம்பனிக்கு நஷ்டம் அல்லவா? பாராளுமன்றத்தில் சொன்னது அன்றைக்கே செல்லாமல் போயிற்று. அக்கா திரும்பப் போனாள். ஆனால் பால்மாவுக்கு இப்போது பூட்டுப் போட்ட பெட்டி. சாவி ஆபீஸ் கிளாக்கரிடம். கைத்தொலைபேசியில் அக்காவின் பெயரைத் தேடினால் முதலில் வருவது இன்றைக்கும் அந்தப் பேச்சுத்தான், அதற்குப் பூட்டும் இல்லை சாவியும் இல்லை.

கதை இத்தோடு முடிந்திருந்தால் நான் இதை எழுதியிருக்கவே மாட்டேன். அடுத்த அமர்வில் எம்.பி. எழுந்தார். சிறப்புரிமைப் பிரச்சினை ஒன்றைக் கிளப்புகிறேன் என்றார். ஒரு தோட்டத்தில் தன்னை வழிமறித்து, சபையில் பேசியதற்காகச் சத்தியம் கேட்டு அச்சுறுத்தினார்களாம். அக்காவின் பெயரை இரண்டாவது தடவையும் சொன்னார். சம்பந்தப்பட்டவர்களை அழைத்து விசாரிக்க வேண்டும், சபையின் கௌரவம் சம்பந்தப்பட்ட விஷயம் என்றார். கவனத்தில் எடுக்கப்படும் என்று அங்கேயே, அந்த நிமிஷமே பதில் கிடைத்தது. என் முறைப்பாடு எந்த மேசையில் கிடக்கிறதோ!

பஸ்ஸுக்குக் காத்திராமல் ஆட்டோ பிடித்து தோட்டத்துக்குப் போனேன். அக்கா பிள்ளைக்காம்பராவில் பால் கோப்பைகளைக் கழுவிக்கொண்டிருந்தாள். நான் மூச்சு வாங்கச் சொல்லி முடிக்கும்வரை கழுவிக்கொண்டே கேட்டாள்.

"கூப்புட்டு விசாரிக்கணும்னா, எங்க கூப்புடுவாங்க?"

"கொழும்புக்கு. பாராளுமன்றத்துக்கு."

"உள்ளுக்கா?"

"உள்ளுக்குத்தான். பயப்படாதக்கா, வக்கீல்கிட்ட கேட்டு..."

"நான் எங்க பயந்தேன்?" கையைச் சேலையில் துடைத்தாள். "அங்க உள்ள நின்னு சொல்றதுக்கு யாரும் கேள்வி கேக்க முடியாதுன்னு நீதானே சொன்ன?"

அது உறுப்பினர்களுக்கு, உனக்கில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அவள் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டேன்.

"அப்ப கூப்புடச் சொல்லு புள்ள. நானும் உள்ள நின்னு சொல்லணும்."

யாரும் கூப்பிடவில்லை. அடுத்த அமர்வும் அதற்கடுத்ததும் போய்விட்டன, எம்.பி. வேறு யாருடைய பெயரையோ சொல்லிக்கொண்டிருக்கிறார். நான்தான் இங்கே எரிந்து விழுந்துகொண்டிருக்கிறேன். அக்கா கொழும்புக்குக் கட்ட ஒரு சேலையை எடுத்துத் தனியே வைத்திருக்கிறாள். நான் போகும்போதெல்லாம் முதலில் அதைத்தான் கேட்கிறாள்: "கூப்புட்டாங்களா?"